பழைய புகைப்படமும் வரலாற்றுக் கதையும்

திருப்பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் இனியதொரு காட்சி வருகிறது. முருகனை வழிபடச் சென்ற மக்கள் அங்குள்ள ஓவிய மண்டபத்தில் நின்று சுவர்ச் சித்திரங்களைக் காண்கின்றனர். இவர் யார், அவர் யார் என்று அறியாதோர் வினவுகின்றனர். இவன் இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று அறிந்தோர் விளக்குகின்றனர். முனிவனின் சினத்தால் அவள் கல்லான கதை அந்த விடையிலிருந்தே விரிகிறது. படத்தைக் கண்டு வினவுவதும், வினாவிலிருந்து கதை பிறப்பதும் தமிழர்க்குப் புதியன அல்ல என்பதற்கு நப்பண்ணனார் பாடிய இப்பாட்டே போதிய சான்றாகும்.

அம்மண்டபத்தில் மூன்று பொருள்கள் இருந்தன. உருவம் இருந்தது, வினவுவோர் இருந்தனர், விடை சொல்வோரும் இருந்தனர். ஜொகூரின் பழைய தோட்டத்துப் புகைப்படம் ஒன்றை இன்று கையில் எடுப்பவரிடம் முதல் இரண்டும் உள. மூன்றாவது இல்லை. படத்தில் நிற்போர் யாவர் என்று சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இக்குறையை வரலாற்றுக் கதை எந்த அளவுக்கு நிரப்ப முடியும், எந்த அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது தமிழாசிரியரும் எழுத்தாளரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

கல்வெட்டும் நிழற்படமும்

சோழர் காலத்தைக் கதையாக்க விரும்பியவர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் துணை நின்றன. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எழுதிய கல்கி, ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டுச் செய்தியை அறிந்தே தம் கதையை அமைத்தார். அஜந்தா முதலிய இடங்களுக்கு ஓவியர் மணியத்தை உடன் அழைத்துச் சென்று, அணிகலனும் ஆடையும் தூணும் எவ்வாறு இருந்தன என்று கண்டறிந்தார். கற்பனைக்கு முன்னே கண் சென்றது என்க.

கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றுக்குப் புகைப்படமே கல்வெட்டின் இடத்தைப் பெறுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடமும் தமிழகத்தில் உண்டு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கல்லில் இருந்த எழுத்தைக் காகிதத்தில் படியெடுக்கும் பணியை அந்நாளிலேயே கேமரா மேற்கொண்டது.

ஆயினும் இரண்டிற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. கல்வெட்டு பெயரைச் சொல்லும், உருவத்தைக் காட்டாது. புகைப்படம் உருவத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. நம் முன்னோர் நட்ட நடுகல் ஒன்றே வீரனின் உருவத்தையும் பெயரையும் செயலையும் ஒருங்கே தாங்கி நின்றது.

மலாயாவில் எடுத்த படங்கள்

ஜான் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1862-இல் சிங்கப்பூர் வந்தார். பினாங்கிலும் எதிர்க்கரையிலும் ஏறத்தாழ பத்துத் திங்கள் தங்கிப் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம் பிடித்து, உடனே இருட்டறையில் கழுவி எடுக்க வேண்டிய காலம் அது. அவ்வேலைக்கு உள்ளூர்ச் சீனர் அஞ்சி மறுத்தமையால், சென்னைப் பகுதியிலிருந்து வந்த இருவரைப் பழக்கித் தம் உதவியாளராக வைத்துக்கொண்டார். இச்செய்தியை 1875-இல் வெளிவந்த தம் பயண நூலில் அவரே குறித்துள்ளார். இருவரின் பெயரையும் அவர் குறிக்கவில்லை.

இவ்விருவரையும் எண்ணிப் பார்த்தல் தகும். மலாயாவில் தமிழர் என்றவுடன் கரும்புத் தோட்டமும், சாலை வேலையும், பின்னர்ப் பால்மரமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ரப்பர் விதையிலிருந்து வளர்ந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, வெள்ளி உப்பையும் ஒளியையும் கையாளத் தெரிந்த தென்னிந்தியர் இருவர் பினாங்கில் இருந்திருக்கின்றனர். வரலாற்றுக் கதை எழுதுவோர்க்கு இதனினும் நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

பின்னர் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் சிங்கப்பூரில் சிறந்து விளங்கியது. 1867-இல் தொடங்கிய அந்நிறுவனம் சயாம் மன்னருக்கும் ஜொகூர் சுல்தானுக்கும் உரிய புகைப்படக்காரர் என்னும் சிறப்பைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கையிருப்பில் ஏறத்தாழ 3,000 காட்சிகள் இருந்தன. 1908-இல் ஆர்னால்டு ரைட் தொகுத்த பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய பெருநூலிலும் தோட்டப் படங்கள் பல உள்ளன.

இப்படங்களை ஒருங்கே வைத்து நோக்குவோர் ஒன்றை உணர்வர். 1895-இல் இலண்டனில் காலமான சுல்தான் அபு பக்கரின் படத்தைக் காண்போர்க்கு அவர் யார் என்பதும், எந்நாளில் ஆண்டார் என்பதும் தெரியும். தோட்டத்துத் துரையின் பெயரும் படத்தின்கீழ் அச்சாகியிருக்கும். அவரைச் சூழ நிற்கும் நாற்பது ஐம்பது பேருக்கும் சேர்த்துத் ‘தமிழ்க் கூலிகள்’ என்னும் இரு சொற்களே கிடைத்தன. முகம் உண்டு, பெயர் இல்லை.

காலத்தை அறியும் வழி

பெயர் தெரியாவிடினும் படத்தின் காலத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். கதை எழுதப் புகுவோர் செய்ய வேண்டிய முதற்பணி இதுவேயாகும்.

ஜொகூர் பாலத்தின் படமொன்றை எடுத்துக்கொள்வோம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இக்கற்பாலத்தின்மீது 1923 அக்டோபரில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் 28-இல் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. ஜொகூர்ப் பக்கத்தில் படகுகள் செல்வதற்கான கால்வாயும் அதன்மேல் தூக்குப் பாலமும் இருந்தன. 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தைத் தகர்த்தபோது இவை அழிந்தன. பின்னர் அக்கால்வாய் மீண்டும் அமைக்கப்படவில்லை. எனவே தூக்குப் பாலம் தெரியும் படம் 1942-க்கு முற்பட்டது. அதே படத்தில் புக்கிட் திம்பாலான் குன்றின்மேல் சுல்தான் இப்ராகிம் மாளிகையின் கோபுரமும் நிமிர்ந்து நின்றால், அம்மாளிகை 1940-இல் நிறைவெய்தியமையால், படம் எடுத்த காலம் ஏறத்தாழ இரண்டாண்டுக்குள் அடங்கிவிடுகிறது. பாலத்தின்மேல் நடப்போர் வரவிருக்கும் போரை அறியாதவர்கள் என்பதைப் பார்ப்பவர் அறிகிறார். அவ்வறிவு ஒன்றே ஒரு கதைக்குப் போதுமான துயரத்தைத் தருகிறது.

தோட்டத்துப் படத்திலும் இத்தகைய குறிகள் உண்டு. பால்மரத்தில் நடுவே நேர்க்கோடும் இருபுறமும் சாய்கோடுகளுமாக மீன்முள் போல வெட்டு இருந்தால் அது தொடக்கக் காலத்துப் படம். மரத்தைச் சுற்றிச் சாய்வாக இறங்கும் ஒரே வெட்டு பிற்காலத்தது. ஜொகூர் ரயில்பாதை 1909-இல் திறக்கப்பட்டமையால், சிகாமட்டிலோ குளுவாங்கிலோ ரயிலடியைக் காட்டும் படம் அதற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. கதையில் ஒரு கங்காணி 1900-இல் குளுவாங்கில் ரயிலைவிட்டு இறங்கினால், மாணவர் அறியாமல் ஏமாறுவர். அறிந்தவர் நூலை மூடிவிடுவர்.

படமும் பொய் சொல்லும்

கேமரா கண்டதைக் காட்டும் என்பது உண்மை. கேமராவின் முன் எதை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்பவன் மனிதன் என்பதும் உண்மை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். உயிர் தப்பக் கடல் கடந்தோரும் பலர். மலாயாத் தமிழர் பலரின் குடும்பக் கதை அப்பஞ்சத்தைத் தொட்டே தொடங்குகிறது. அப்பஞ்சத்தின் படங்களாக இன்று எங்கும் காணப்படுவன டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்னும் படை அலுவலர் எடுத்தவை. எலும்பும் தோலுமாயிருந்த மக்களைக் குழுவாக அமர்த்தி, நிற்க முடிந்தோரை நிறுத்தி, பார்ப்போர் கண்ணுக்கு ஏற்றவாறு அடுக்கி அவர் படமெடுத்தார். பட்டினி கிடந்தோர்க்கு உதவாமல் அவர்களைப் படப்பொருளாக ஆக்கினார் என்னும் கண்டனம் அவர்மேல் எழுந்தது. பின்னர் 1886-இல் மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படம் பிடிக்க முயன்றதற்காக அவர் விசாரணைக்கும் உள்ளானார். ஹூப்பரின் படத்தில் பஞ்சம் மெய். மக்கள் அமர்ந்திருக்கும் முறை அவர் வகுத்தது. அதைக் கண்டு எழுதுவோர் பஞ்சத்தைப் பெற்றுக்கொண்டு, அப்பார்வையை விலக்க வேண்டும். ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013) அதே பஞ்சத்தைக் களமாகக் கொண்ட நாவலாகும்.

படத்தின்கீழ் எழுதிய சொல்லும் பிழைபடலாம். ஜெர்மானியப் புகைப்படக்காரர் அகஸ்து சாண்டர் 1914-இல் மூன்று இளைஞரைப் படமெடுத்தார். நல்ல உடையும் தொப்பியும் கைத்தடியுமாக அவர்கள் நடன விழாவுக்குச் செல்கின்றனர். படத்துக்கு ‘இளம் உழவர்கள்’ என்று பெயரிட்டனர். பாஸ்டன் நகரக் காட்சியகத்தில் இப்படத்தைக் கண்ட அமெரிக்கர் ரிச்சர்டு பவர்ஸ் தம் வேலையை விட்டுவிட்டு இதனையே வேராகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். 1985-இல் அது வெளிவந்தது. பின்னர் நடந்த ஆய்வு அம்மூவரையும் அடையாளம் கண்டது. அவர்கள் இரும்புச் சுரங்கத்தைச் சார்ந்து பிழைத்தவர்கள், உழவர் அல்லர். ஒருவர் முதல் உலகப் போரில் மாண்டார். நாவலின் சிறப்பு இதனால் குறையவில்லை. ஆனால் படக்குறிப்பை ஐயுறாமல் ஏற்றல் கூடாது என்னும் பாடம் தெளிவாயிற்று. உழவர் என்ற ஒரு சொல்லே இத்துணை மயக்கம் தருமெனின், கூலி என்ற சொல் எத்தனை உண்மைகளை மூடியிருக்கும்! வெட்டுமரக்காரர், பால் கொட்டகையில் வேலை செய்தவர், ஆயாக் கொட்டகைக் கிழவி, வண்டிக்காரர், கூத்தாடத் தெரிந்தவர், ஏடு படிக்கத் தெரிந்தவர் ஆகிய எல்லாரும் அவ்வொரு சொல்லுள் மறைந்தனர்.

தோட்டத்துப் பழைய படங்களை ஊன்றிப் பார்ப்போர் மற்றொன்றையும் காண்பர். பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்போரின் முகம் தெளிவாக இருக்கும். ஓரத்தில் ஒரு குழந்தையின் முகம் மட்டும் கலைந்து புகைபோல் இருக்கும். அசையாதே என்று துரையும் கிராணியும் கட்டளையிட்ட அச்சில நொடியில் அக்குழந்தை அசைந்துவிட்டது. அது எதைக் கண்டு திரும்பியது? யார் கூப்பிட்டார்கள்? படம் எடுத்தவன் பிழையென்று கருதியிருக்கக்கூடிய அவ்விடமே கதையாசிரியன் நுழையும் வாயிலாகும்.

அடையாள அட்டை தந்த முகம்

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறுமாறு பணிக்கப்பட்டனர். தோட்டங்களில் வாழ்ந்த பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற்படமாயிற்று. திருமணத்திற்கும் எடுக்காத படத்தை அரசாங்கத்திற்காக எடுத்துக்கொண்டனர்.

இச்சிறு படத்தில் பின்னணி இல்லை, மரம் இல்லை, மனைவி மக்கள் இல்லை. நேரே பார்க்கும் ஒரு முகம் மட்டுமே உண்டு. ஆனால் இதில் பெயர் இருக்கிறது. கிராணி காதில் கேட்டவாறு பிறமொழி எழுத்தில் எழுதியதால் முத்துக்கருப்பன் வேறொருவனாகவும் மாறியிருக்கக்கூடும். விடுதலைக்குப் பின் 1960-களில் குடியுரிமை பெற்றோர்க்கு நீல அட்டையும், பெறாத நிலையான குடிகளுக்குச் சிவப்பு அட்டையும் என்று வேறுபாடு வந்தது. 1969-இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி தேவையென்று ஆனபின், பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ஒரே குடும்பத்தில் அண்ணன் நீலம், தம்பி சிவப்பு என்று பிரிந்ததும் உண்டு. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்குப் பாடநூலில் இல்லாத வரலாறு ஒன்று புலப்படும்.

படமே இல்லாத இடம்

சில வரலாறுகளுக்குப் படமே கிடையாது. சயாம் மரண ரயில் அத்தகையது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர் என்பது மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பாதிப்பேர் திரும்பவில்லை என்று கணிக்கப்படுகிறது.

அங்குச் சிறைப்பட்டிருந்த ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் இளம் ஆஸ்திரேலிய வீரர் மறைத்து வைத்த மடிப்புக் கேமராவால் உயிரைப் பணயம் வைத்துச் சில படங்கள் எடுத்தார். அதனால் போர்க் கைதிகளின் துன்பத்துக்குக் கண்கண்ட சான்று கிடைத்தது. காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்க்குக் கற்கள் நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. தமிழ்த் தொழிலாளரிடம் கேமரா இல்லை. அவர்க்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. நடுகல் நட்ட இனத்தின் மக்கள் கல்லின்றிக் காட்டில் புதைந்தனர்.

இவ்விடத்தில் வரலாற்றுக் கதையே கல்லாக நிற்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அப்பணியைச் செய்தன. இரண்டாவது நூலின் பெயரே எழுத்தாளர் எதனை எழுப்ப எண்ணினார் என்பதைச் சொல்கிறது. படமில்லாத இடத்தில் எழுத்தாளர் முதியோரின் நினைவை நாடினார். படம் இருந்தும் சொல்வோர் இல்லாத இடம் இப்போது பெருகி வருகிறது. பின்னதில் கவலை மிகுதி. ஏனெனில் முன்னது போரால் நேர்ந்தது, பின்னது கவனமின்மையால் நேர்வது.

ஆசிரியர் ஆற்றத்தக்க பணி

பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்பு நிலமாகி வருகிறது. 2006-இல் இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் தென் ஜொகூரில் இம்மாற்றம் விரைந்தது. லயங்கள் இடிபடுகின்றன. குடும்பம் நகரத்து அடுக்குவீட்டுக்கு மாறும்போது முதலில் தொலைவது பிஸ்கட் டின்னில் கிடந்த பழைய படங்களே.

தமிழாசிரியர் மாணவரிடம் வீட்டிலுள்ள ஒரு படத்தைப் பற்றி எழுதச் சொல்லலாம். எழுதுமுன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ நான்கு வினாக்களுக்கு விடை பெறச் செய்தல் வேண்டும்: இவர் யார்? இவ்விடம் எது? எந்த ஆண்டு, அல்லது எந்த நிகழ்ச்சிக்கு முன்னோ பின்னோ? படத்தில் இருக்க வேண்டியவர் யாரேனும் விடுபட்டுள்ளாரா? நான்காம் வினா இன்றியமையாதது. படம் எடுத்த நாளில் இறந்து போனவர், வேலைக்குச் சென்றவர், வர மறுத்தவர் ஆகியோரின் கதை அவ்வினாவில் அடங்கியுள்ளது. விடையைப் படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதி வைக்கலாம். பேனா மை ஊறி முன்புறத்தைக் கெடுத்துவிடும்.

பின்னர்க் கதை எழுதும்போது சில வரையறைகளை ஓம்புதல் நன்று. தெரிந்த ஆண்டையும் இடத்தையும் மாற்றலாகாது. யாரென்று தெரியாத முகத்துக்குக் கற்பனைப் பெயர் தரலாம். தெரிந்தவருக்குக் கற்பனைக் குற்றம் தரலாகாது. கதையின் இறுதியில், படம் காட்டியது இவ்வளவு, பெரியோர் சொன்னது இவ்வளவு, புனைந்தது இவ்வளவு என்று சில வரிகளில் பிரித்துரைத்தல் வேண்டும். இக்குறிப்பினால் கதையின் சுவை குறையாது. இஃது இல்லாவிடின், புனைந்ததே வரலாறு என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். ‘கூலிகள்’ என்று எழுதியவன் செய்த பிழைக்கு நேர் எதிரான மற்றொரு பிழையை நல்லெண்ணத்தோடு செய்தவர் ஆவோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜான்சி ராணிப் படைப் படங்கள் யாவரும் அறிந்தவை. 1943-இல் எடுத்த அப்படங்களில் நேதாஜியையும் கேப்டன் லட்சுமியையும் யாவரும் அடையாளம் காண்பர். பின்வரிசைகளில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் பெண்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள். அவர்களுள் ஒருத்தி ஜொகூரில் ஏதோ ஒரு மாணவனின் கொள்ளுப் பாட்டியாக இருத்தல் கூடும். அவன் வீட்டில் யாரும் கேட்டிராவிடில் அது தெரியாமலே போகும்.

பரங்குன்றத்து மண்டபத்தின் ஓவியங்கள் என்றோ அழிந்துவிட்டன. இவர் யார் என்று ஒருவர் கேட்டதும், மற்றொருவர் விடை சொன்னதும், அதனை ஒரு புலவர் எழுதி வைத்ததும் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஜொகூரின் படங்களும் ஒருநாள் மங்கும். அதற்குள் கேட்பவரும் எழுதுபவரும் வேண்டும்.